பந்து மலைப்பாம்புடன் திருச்சியிலிருந்து மயிலாடுதுறைக்கு வீடு மாறுதல்: ஆலோசனை வேண்டும்

வைகறைவாசி எழுதியது:

வங்கிப் பணியில் இடமாற்றம் வந்திருப்பதால், ஆடி பிறப்பதற்குள் திருச்சியிலிருந்து மயிலாடுதுறைக்குக் குடிபெயர வேண்டியிருக்கிறது. என்னிடம் முழு வளர்ச்சி அடைந்த பெண் பந்து மலைப்பாம்பு ஒன்று உள்ளது. ஆப்பிரிக்க இனம், விஷமில்லாதது. நான்கடிக்குச் சற்றுக் குறைவான நீளம். யாரையும் கடித்ததில்லை, பயந்தால் தலையை நடுவில் வைத்துச் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து சான்றும் பெற்றிருக்கிறேன். ஆகவே, இதை வளர்ப்பது சரியா தவறா என்ற விவாதத்தை இந்த இழையில் தவிர்த்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்போது இருப்பது அடுக்ககத்தின் இரண்டாம் தளம். போகவிருப்பது கூறைநாட்டுப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்கட்டு. நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், அதையொட்டி இரண்டு அறைகள், பின்னால் கிணறும் வாழைக்கொல்லையும். வீட்டு உரிமையாளரும் அவருடைய தாயாரும் முன்கட்டில் குடியிருக்கிறார்கள். முன்பணம் கொடுத்துவிட்டேன், பாம்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். சாமான்களை ஏற்றிச் செல்லும் நிறுவனத்தார் உயிருள்ள எதையும் ஏற்ற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பாம்பை எப்படிக் கொண்டுபோவது, புது வீட்டில் தொடக்கத்தில் எதில் கவனமாக இருப்பது, உரிமையாளரிடம் எப்படிச் சொல்வது என்பதை அனுபவமுள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.


திண்ணைப்பேச்சு எழுதியது:

கடைசிக் கேள்விக்கு மட்டும் என் பதில்: சொல்லாதீர்கள். அது அறையை விட்டு வெளியே வரப் போவதில்லை. சொன்னால் வீடு கிடைக்காது. முன்பணம் திரும்பி வருவதற்குள் ஆடி பிறந்துவிடும். ஆடியில் யாரும் வேறு வீடு கொடுக்கவும் மாட்டார்கள்.


கொள்ளிடக்கரையான் எழுதியது:

சகோதரி, நான் பல ஆண்டுகளாக இந்த இனத்தை வளர்ப்பவன். இரண்டு முறை வீடு மாறியவன். நீங்கள் முதலில் கேட்டிருக்கும் பயணம்தான் இவற்றில் எளியது. மூன்றரை மணி நேரப் பயணம் ஒரு பந்து மலைப்பாம்புக்குப் பெரிய துன்பம் இல்லை. இருட்டான, இறுக்கமான, அசையாத இடம் கிடைத்தால் அது தூங்கிக்கொண்டே வந்துவிடும். பாம்புக்கு உண்மையான ஆபத்து, சாமான்களை இறக்கிவைத்த பிறகு வரும் வாரங்களில்தான் இருக்கிறது. இருந்தாலும் பயணத்தையே முதலில் எழுதிவிடுகிறேன்.

கடைசி இரை கொடுத்து ஒரு வாரமாவது கழிந்த பிறகே கிளம்புங்கள். வயிற்றில் இரை இருக்கும்போது அலைக்கழித்தால் கக்கிவிடும். கக்கிய பாம்பு தேறி மறுபடியும் இரை எடுக்கப் பல வாரங்கள் ஆகலாம். கண்கள் நீலம் பாய்ந்து மங்கலாக இருந்தால் சட்டை உரிக்கப் போகிறது என்று பொருள். அப்படியிருந்தால், முடியுமானால் பயணத்தைச் சில நாட்கள் தள்ளிப் போடுங்கள்.

கண்ணாடித் தொட்டியோடு சேர்த்துப் பாம்பைத் தூக்கிச் செல்லும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர்க் கிண்ணமும் மரத்துண்டும் ஒரு வேகத்தடையில் எகிறினாலே போதும், விலா எலும்பு முறிந்துவிடும். கெட்டியான பருத்தித் துணிப்பை ஒன்று வேண்டும். தலையணை உறையே போதும். ஆனால் அதை உட்புறம் வெளியே வருமாறு திருப்பிக்கொள்ளுங்கள். தையலில் பிரிந்து தொங்கும் நூல் பாம்பின் உடலைச் சுற்றி இறுக்கிவிடக்கூடும். பாம்பை உள்ளே விட்ட பிறகு, பையின் வாயை முறுக்கி முடிச்சுப் போடுவதற்கு முன், முடிச்சு விழும் இடத்தில் உடல் எதுவும் இல்லை என்று வெளியிலிருந்து விரலால் தடவிப் பாருங்கள். முடிச்சின் மேல் ஒரு நாடாவையும் கட்டுங்கள். அந்தப் பையைப் பக்கங்களில் கிளிப் உள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, அடியிலும் ஓரங்களிலும் பழைய துண்டுகளை அணையுங்கள். காற்றுத் துளைகளை உள்ளிருந்து வெளியே குத்துங்கள். அப்போதுதான் பிசிறு வெளிப்பக்கம் இருக்கும். பெட்டிக்குள் தண்ணீர் வைக்க வேண்டாம். சில மணி நேரம் அது தாங்கும். ஈரம்தான் கெடுதல்.

பெட்டி உங்கள் காரில், முன் இருக்கைக்குப் பின்னால், தரையில் இருக்கட்டும். டிக்கியில் வைக்காதீர்கள், அங்கே ஏசிக் காற்று சரியாகப் போய்ச் சேராது. ஆனி மாதத்தில் அக்கினி நட்சத்திரம் முடிந்திருந்தாலும், வெயிலில் நிறுத்தி மூடிய காரின் உட்புறம் முப்பது நாற்பது நிமிடங்களில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். பாம்புக்கு 35 டிகிரிக்கு மேல் நீடித்தாலே ஆபத்து. கும்பகோணத்தில் காப்பி குடிக்க இறங்கினால், ஒருவர் ஏசியுடன் காரிலேயே இருக்க வேண்டும். இதற்கு விதிவிலக்கே கிடையாது. விடியற்காலையில் கிளம்பிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வழியில் பெட்டியைத் திறந்து பார்க்கவும் வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம்.


ஆவணப்பெட்டி எழுதியது:

பதிவுச் சான்றின் நகலையும் வாங்கியதற்கான ரசீதின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் திருச்சி விமான நிலையத்தில், கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகள் பிடிபட்ட செய்தி இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறந்திருக்காது. பெட்டிக்குள் பாம்போடு வரும் காரைப் பார்த்தால் சோதனைச் சாவடியில் இருப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுவாகத்தான் இருக்கும். அவரைக் குறை சொல்வதற்கில்லை.

சட்ட நிலையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் இணைப்புகளில் உள்ள உயிரினங்கள் அதன்படி நான்காம் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பந்து மலைப்பாம்பு அந்த உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் வருகிறது. இவற்றை வைத்திருப்போர் பதிவு செய்வதற்கான விதிகள் 2024 பிப்ரவரி 28 அன்று வெளியாயின. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. நீங்கள் பதிவு செய்துவிட்டதால் பெரிய கவலை இல்லை. ஆனால் அந்தப் பதிவில் இருப்பது திருச்சி முகவரி. கிளம்புவதற்கு முன்பே, தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு இடமாற்றத்தைக் குறிப்பிட்டுக் கடிதமோ மின்னஞ்சலோ அனுப்பி, முகவரி மாற்றத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுத்திலேயே பதில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுக்கொள்வது பின்னால் உதவாது.


புதுக்கணக்கு எழுதியது:

இதே இழையில் கேட்கிறேன், மன்னிக்கவும். எங்கள் கொல்லையில் கிடைத்த சாரைக் குட்டி ஒன்றைச் சில மாதங்களாக வளர்த்துவருகிறேன். கல்லூரி விடுதிக்கு மாறும்போது உடன் கொண்டுசெல்லலாமா? இதற்கும் பரிவேஷில் பதிவு செய்ய முடியுமா?


ஆவணப்பெட்டி எழுதியது:

முடியாது, தம்பி. அந்தப் பதிவு வெளிநாட்டு இனங்களுக்கு மட்டும். சாரையோ நல்ல பாம்போ நம் மண்ணின் பாம்பு எதுவாக இருந்தாலும், பிடித்து வீட்டில் வைத்திருப்பது குற்றம். எந்தச் சான்றும் அதைச் சரியாக்காது. வேறு ஊருக்குக் கொண்டுபோனால் குற்றம் கூடுமே தவிரக் குறையாது. பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள். நீங்களே கொண்டுபோய் ஏதாவதொரு காட்டில் விடுவதும் வேண்டாம்.


நெல்வயல் எழுதியது:

வளர்ப்பது சரியா தவறா என்று பேச வேண்டாம் என்று அம்மையார் கேட்டுக்கொண்டிருப்பதால் அதற்குள் நான் போகவில்லை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை என்பதை மட்டும் பதிந்துவிட்டு நகர்கிறேன்.

நான் திருவாரூர்ப் பக்கம் விவசாயம் செய்பவன். ஆனி கடைசியில் குறுவை நடவு மும்முரமாக நடக்கும். மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்கால்களில் ஏறும்போது, வரப்பு வளைகளில் இருக்கும் எலியும் பாம்பும் மேட்டைத் தேடி வீடுகளுக்கு வரும். வாழைக்கொல்லை உள்ள பின்கட்டு என்றால் கேட்கவே வேண்டாம். நீங்கள் கொண்டுவரும் பாம்பை மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற பாம்புகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். இரைக்காக உயிருள்ள எலிகளை வீட்டில் வளர்ப்பவராக இருந்தால், அந்த வாடைக்கே சாரையும் நல்ல பாம்பும் வரும்.

இன்னொன்று. உங்கள் பாம்புக்கு இரை எலிதான் என்றால் எங்கள் பகுதியில் அதற்குப் பஞ்சமில்லை. தஞ்சாவூர்க் கிட்டி வைத்து எலி பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்டால் கொண்டுவந்து தருவார்கள்.


மருந்துச்சீட்டு எழுதியது:

கால்நடை மருத்துவத் துறையில் பணியாற்றுபவன் என்ற முறையில், நெல்வயல் ஐயாவின் கடைசிப் பத்தியை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. மற்ற அனைத்தும் உண்மை. வயல் எலியை எக்காரணம் கொண்டும் வளர்ப்புப் பாம்புக்குக் கொடுக்காதீர்கள். டெல்டாவில் நடவுக் காலத்திலும் கதிர் பிடிக்கும் காலத்திலும் எலிக்குப் புரோமடியோலோன் கலந்த கட்டிகளும் ஜிங்க் பாஸ்பைடு கலந்த பொரியும் வைக்கப்படுகின்றன. புரோமடியோலோன் தின்ற எலி உடனே சாவதில்லை. இரத்தம் உறையாமல் போய்ச் சாவதற்குச் சில நாட்கள் ஆகும். அந்த இடைப்பட்ட நாட்களில் அது வழக்கம்போல ஓடித் திரிந்து கிட்டியிலும் விழும். கிட்டியில் மாட்டிச் செத்ததால் அதன் உடம்பில் மருந்து இல்லை என்று ஆகிவிடாது. இது போக, ஒட்டுண்ணிகளும் எலிக்காய்ச்சல் கிருமியும் உண்டு. எலிக்காய்ச்சலால் பாம்பைவிட, எலியைக் கையில் தொடும் உங்களுக்குத்தான் ஆபத்து. இதுவரை உறைய வைத்த எலி கொடுத்துவந்திருந்தால் அதையே தொடருங்கள். தெர்மோகோல் பெட்டியில் பனிக்கட்டியுடன் வைத்துக் கொண்டுபோகலாம்.

வீடு மாறும்போது பாம்பு நோயுறுவதற்கு, பயணத்தைக் காட்டிலும் புது வீட்டின் காற்று அதிகக் காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். குடிவருவதற்கு முன் உரிமையாளர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள்: புது வண்ணப் பூச்சு, கரையான் மருந்து, மூலை முடுக்கெல்லாம் பினாயில், கொல்லைப்புறத்தில் பாம்பு வராமலிருக்க என்று கார்பாலிக் அமிலம். பினாயிலும் கார்பாலிக் அமிலமும் ஊர்வனவற்றின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் சென்று கெடுக்கும். பால் காய்ச்சும் அன்று கணபதி ஹோமம் செய்வதாக இருந்தால், அந்தப் புகை ஓட்டு வீட்டில் வெகுநேரம் தங்கும். ஹோமம் முடிந்து வீடு காற்றாடிய பிறகு, மறுநாள் பாம்பைக் கொண்டுவாருங்கள். கொசுவத்தியும் திரவக் கொசுவிரட்டியும் அந்த அறைக்குள் கூடாது. கதவுக்கும் சன்னலுக்கும் வலை அடித்துவிடுங்கள். மேலே தலையணை உறையைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது பீரோவில் அந்துருண்டையோடு அடுக்கி வைத்திருந்த உறையாக இருக்கக் கூடாது. முகர்ந்து பார்த்து, வாசனையில்லாத சோப்பில் துவைத்து, வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள்.

வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி வருவது, தலையை மேல்நோக்கியே வைத்திருப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்காதீர்கள். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது; ஊர்வன பார்க்கக்கூடிய மருத்துவர் யார் என்பதை அங்கே முன்கூட்டியே தொலைபேசியில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு நோயுற்ற பிறகு விசாரிக்கத் தொடங்குவது வீண்.


ஓட்டுவீடு எழுதியது:

திண்ணைப்பேச்சு அவர்களின் ஆலோசனையை, வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவனாகக் கடுமையாக மறுக்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டும் ஏறத்தாழ இதே அமைப்புதான். அடுக்ககத்தில் ஒரு வீட்டுக்குள் நடப்பது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. ஓட்டு வீட்டில் அப்படி இல்லை. மின்கணக்கு எடுக்க வருபவர், ஓடு மாற்ற வருபவர், பாத்திரம் தேய்க்க வருபவர், கிணற்றடிக்கு வரும் உரிமையாளரின் தாயார் என்று எல்லோரும் உங்கள் தாழ்வாரத்தைக் கடந்துதான் போவார்கள். என்றாவது ஒருநாள் தெரிந்தே தீரும். நீங்கள் சொல்லித் தெரிவதற்கும் தானாகத் தெரிவதற்கும் இடையில்தான் அந்தப் பாம்பின் உயிர் இருக்கிறது. தெரியாமல் வைத்திருந்த பாம்பு வெளியே வந்தால், பார்ப்பவர் கையில் முதலில் அகப்படுவது கதவுக்குப் பின்னால் உள்ள தடிதான். தெரிந்து வைத்திருந்தால் முதலில் உங்களைத் தொலைபேசியில் அழைப்பார்.

என் வீட்டுக்கு ஒருவர் இப்படிக் கேட்டு வந்தால் நான் எதிர்பார்ப்பதைச் சொல்கிறேன். பூட்டு உள்ள தனி அறை. அறைக்குள் பூட்டு உள்ள தொட்டி. வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி. உரிமையாளரின் தாயாரிடம் நீங்களே நேரில் போய்ப் பேச வேண்டும். மகன் வழியாகச் சொல்லி அனுப்பக் கூடாது. வயதானவர்கள் பாம்பைக் கண்டு மட்டும் பயப்படுவதில்லை. தங்களைக் கேட்காமல் ஒரு காரியம் நடந்துவிட்டதே என்றும் வருந்துவார்கள். எலியை அவர்கள் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதைப் பற்றி வாயே திறக்காதீர்கள்.


திண்ணைப்பேச்சு எழுதியது:

நீங்கள் நல்ல உரிமையாளர் என்பதால் எல்லா உரிமையாளரும் அப்படியே இருந்துவிட மாட்டார்கள். சொல்லி, மறுத்து, முன்பணத்தையும் பிடித்துக்கொண்டால் அந்த அம்மையார் எங்கே போவார்? முதலில் குடியேறி நல்ல பெயர் எடுத்துக்கொண்டு, பிறகு சொல்லலாம் என்பதே என் கருத்து.


ஓட்டுவீடு எழுதியது:

நல்ல பெயர் எடுத்த பிறகு சொன்னால், எடுத்த பெயரும் அன்றோடு போய்விடும். மறுப்பதானால் அவர் இப்போதே மறுக்கட்டும். சாமான்களை இறக்கிய பிறகு காலி செய்வதைவிட அது மேல்.


கொள்ளிடக்கரையான் எழுதியது:

ஓட்டுவீடு அவர்கள் சொல்வதே சரி. அதற்கு என்னிடம் வேறு ஒரு காரணமும் இருக்கிறது. இந்த இழையில் யாரும் இன்னும் அதைத் தொடவில்லை.

பந்து மலைப்பாம்பு பருத்த, குட்டையான உடம்பும் பழுப்பில் கரும்பட்டைகளும் கொண்டது. தெரியாதவர் கண்ணுக்கு அது கண்ணாடி விரியன். கண்ணாடி விரியன் இந்த டெல்டாவின் வயல்களில் வாழும் பாம்பு. நம் ஊரில் பாம்புக்கடிச் சாவுகளுக்குக் காரணமான நான்கு பாம்புகளில் ஒன்று. எனவே உங்கள் பாம்பு தப்பினால், சாரையை விரட்டிவிடுவதுபோல அதை யாரும் விரட்டமாட்டார்கள், அடித்தே கொல்வார்கள். இது ஒரு பக்கம்.

மறுபக்கம் இதைவிடப் பெரியது. பாம்பு வளர்ப்பவருக்கு வீட்டில் எந்தப் பாம்பைக் கண்டாலும் முதலில் தன்னுடையதுதான் என்று தோன்றும். இரவு மின்வெட்டு நேரத்தில், கிணற்றடிக்குப் போகும் வழியில், வாழைச்சருகுக்கு அருகே பருத்த பழுப்புப் பாம்பொன்று சுருண்டு கிடந்தால், திருச்சி அடுக்ககத்தில் பழகிய கை தானாகவே அதை நோக்கி நீளும். அந்தக் கையைத்தான் நீங்கள் கட்டுப்படுத்த வேண்டும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் வேறுபாட்டைக் காட்டிக் கொடுங்கள். கண்ணாடி விரியனின் முதுகில் கருப்பு விளிம்புள்ள நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாகச் சங்கிலி போல ஓடும். செதில்கள் நடுவில் மேடிட்டுச் சொரசொரப்பாக இருக்கும், ஒளி பட்டாலும் மின்னாது. தலை முக்கோணமாக, கழுத்திலிருந்து தெளிவாகப் பிரிந்திருக்கும். சீண்டினால் குக்கர் ஆவி விடுவதைப் போல இரைச்சலாகச் சீறும். உங்கள் பாம்பின் செதில்கள் வழுவழுப்பாக மின்னும். வடிவங்கள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று கலந்திருக்கும். மேலுதட்டு ஓரத்தில் வெப்பம் உணரும் குழிகள் வரிசையாகத் தெரியும். பயந்தால் சீறுவதைவிடச் சுருண்டுகொள்ளவே பார்க்கும். நம் மண்ணுளிப் பாம்பையும் பலர் விரியன் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்திருந்தாலும், டார்ச் வெளிச்சத்தில் முழு உடம்பையும் தெளிவாகப் பார்க்காமல் தரையில் கிடக்கும் எந்தப் பாம்பையும் கையால் தொடாதீர்கள். முதலில் தொட்டியைப் போய்ப் பாருங்கள். உங்கள் பாம்பு உள்ளே இருந்தால், வெளியே இருப்பது வேறு பாம்பு. விலகி நின்று தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள், வந்து பிடித்துச் செல்வார்கள். கடிபட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். காலையோ கையையோ அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்திருக்கிறார்கள் என்றால், அது இங்கே எவ்வளவு பெரிய செய்தி என்பது விளங்கும். ‘என் பாம்புதான் கடித்தது, அதற்கு விஷமில்லை’ என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

அடுத்து வீடு. தாழ்வாரத்தை ஒட்டிய இரண்டு அறைகளில் மேலே மரப்பலகையோ கான்கிரீட்டோ போட்டு மூடியிருக்கும் அறையைப் பாம்புக்கு ஒதுக்குங்கள். ஓட்டுக்கு நேர் கீழே உள்ள அறையில் தப்பினால், சுவரேறி ஓட்டு இடுக்குக்குள் போய்விடும். பிறகு தேடி எடுப்பது பெரும்பாடு. கதவுக்குக் கீழே இருக்கும் இடைவெளியை ரப்பர் பட்டை ஒட்டி அடையுங்கள். பழைய தேக்குக் கதவுகளின் அடியில் இரண்டு விரல் நுழையும். பாம்புக்கு அது தாராளம். முற்றத்துத் தூம்புக்குக் கம்பி வலை போடுங்கள். உங்கள் பாம்பு வெளியே போகாமலிருக்க மட்டுமின்றி, வெளிப்பாம்பு உள்ளே வராமலிருக்கவும் அது உதவும்.

நீங்கள் போவதற்கு ஒரு நாள் முன்பே தொட்டியை நிறுவி, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். சூடான பக்கம் 31 அல்லது 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 வரை நிலைக்க வேண்டும். டெல்டாவில் ஆனி மாதத்தில் சூடான பக்கத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். குளிர்ந்த பக்கத்தைக் காப்பாற்றுவதுதான் வேலை. அந்த வகையில் ஓட்டு வீட்டின் தரைத்தளம் மொட்டை மாடிக்கு அடியில் உள்ள அறையைவிட நல்லது. பழைய தொட்டியின் அடியில் பரப்பியிருக்கும் தென்னைநார்த் தூளில் இரண்டு கை பையில் எடுத்துவந்து புது நார்த்தூளில் கலந்தால் பழகிய வாசனை இருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னைநார்த் தூள் மலிவாகக் கிடைக்கிறதே என்று உரம் கலந்ததை வாங்கிவிடாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் பையோடு தொட்டிக்குள் வைத்து, முடிச்சை அவிழ்த்துவிட்டு, மூடிப் பூட்டி, வெளியே வந்துவிடுங்கள். ஒரு வாரம் கையில் எடுக்க வேண்டாம். தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். அதன் பிறகு இரை வைத்துப் பாருங்கள். தின்னவில்லை என்றால் பதற வேண்டாம். இந்த இனம் இடம் மாறினால் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில்கூட இரையை மறுக்கும். சமையலறைத் தராசில் எடை பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மட்டுமே மருத்துவர்.


வைகறைவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வந்து சேர்ந்துவிட்டோம், விவரங்களை எழுதுவது பின்னால் வருபவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

உரிமையாளரிடம் குடியேறுவதற்கு முன்பே சொன்னேன். அவர் மறுக்கும் நிலையில்தான் இருந்தார். அவருடைய தாயார்தான் முதலில் புகைப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். விரியன் என்றே நினைத்தார். கொள்ளிடக்கரையான் ஐயா எழுதிய வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் காட்டிய பிறகு, அறைக்கு இரட்டைப் பூட்டு, சாவி ஒன்று தம்மிடம், எலிக்குத் தனிக் குளிர்பதனப் பெட்டி, வெள்ளிக்கிழமைகளில் தொட்டியைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனைகள் போட்டார். வெள்ளிக்கிழமைக்கான காரணத்தை நான் கேட்கவில்லை. நிபந்தனை எளிதாக இருந்ததால் ஒப்புக்கொண்டேன். சாவி அவரிடம் இருக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் மகனிடம் கொடுப்பதில் முடிந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரியும் சேர்த்தோம்.

பயணத்தில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. விடியுமுன் கிளம்பினோம், பாபநாசத்துக்கு அருகே கரும்பு லாரிக்குப் பின்னால் சிறிது நேரம் நின்றதைத் தவிர வேறு தடையில்லை. பெட்டியை யாரும் திறந்து பார்க்கச் சொல்லவில்லை. முகவரி மாற்றம் குறித்து வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறேன்.

இப்போது எதிர்பாராத வேறு சிக்கல். செய்தி தெருவில் பரவிவிட்டது. அடித்துவிடுவார்கள் என்று நான் பயந்திருக்க, பக்கத்துத் தெருவிலிருந்து இருவர் பாலும் முட்டையும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். திருநாகேசுவரத்துக்குப் போக முடியவில்லை, இங்கேயே வைத்துவிட்டுப் போகிறோம் என்றார்கள். அவர்கள் மனம் நோகாமல் எப்படித் திருப்பி அனுப்புவது? பாம்பும் இன்னும் இரை எடுக்கவில்லை.


மருந்துச்சீட்டு எழுதியது:

பாலை எக்காரணம் கொண்டும் தொட்டிக்குள் வைக்காதீர்கள். பாம்புக்குப் பால் செரிக்காது. தாகத்தால் குடித்தாலும் வயிறு கெடும். மஞ்சளும் குங்குமமும் மூச்சுக்குக் கெடுதல். மணமே வரக்கூடாது.


ஓட்டுவீடு எழுதியது:

இதற்கு உரிமையாளரின் தாயார்தான் சரியான ஆள். தெருவில் அவர் சொல்லுக்கு மதிப்பிருக்கும். ‘இது கோயில் பாம்பு இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்தது, இதற்குப் பூசை கிடையாது’ என்று அவர் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால் கூட்டம் நின்றுவிடும். நீங்கள் சொன்னால் ‘ஊருக்குப் புதிது, அவருக்கு என்ன தெரியும்’ என்பார்கள்.


நெல்வயல் எழுதியது:

வந்தவர்களிடம் பாலை வாங்கி, அவர்கள் கண்முன்னேயே கொல்லையில் உள்ள வேப்பமரத்தடியில் ஊற்றிவிடுங்கள். மறுக்கவும் இல்லை, பாம்புக்குக் கொடுக்கவும் இல்லை. எங்கள் ஊரில் புற்றுக்கு இப்படித்தான் செய்கிறோம். முட்டையை மட்டும் அங்கே வைத்துவிட்டு வராதீர்கள். அதற்கு உண்மையிலேயே பாம்பு வரும்.


கொள்ளிடக்கரையான் எழுதியது:

இரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். வந்து பார்ப்பவர்களை முதலில் நிறுத்துங்கள். தொட்டியின் முன்புறக் கண்ணாடியைத் தவிர மற்ற பக்கங்களைக் கருப்புத் தாளால் மறையுங்கள். பதுங்குமிடம் அதன் உடம்புக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். விசாலமாக இருந்தால் அது ஒளிவிடமாகவே அதற்குத் தோன்றாது. இரவில், விளக்கணைத்த பிறகு, எலியை நன்றாகச் சூடேற்றி இடுக்கியால் நீட்டிப் பாருங்கள். மறுத்தால் எடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி முயலுங்கள்.

இன்னொரு செய்தி. ஐப்பசி, கார்த்திகை வருவதற்குள் மின்வெட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவின் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. தொட்டியைச் சூடாக்கும் ஹீட் மேட் விரிப்பு அதிக மின்சாரம் இழுக்காது. வீட்டு இன்வெர்ட்டரே போதும். ஆனால் பழைய வீட்டில் அந்த அறையின் மின்கம்பி இன்வெர்ட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கூடத்துக்கு மட்டும்தான் கொடுத்திருப்பார்கள். அதுவும் போனால், வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே, ஒரு பக்கச் சுவரை ஒட்டி வைத்தால் ஓரிரவு தாங்கும்.


வைகறைவாசி எழுதியது:

பார்த்துவிட்டேன், நீங்கள் சொன்னது போல இணைப்பு கூடத்தோடு நின்றிருக்கிறது. மின்பணியாளரை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் உள்ளே வரும் நேரத்தில் நான் வீட்டில் இருக்கும்படி சனிக்கிழமை வைத்துக்கொண்டோம். பாலைப் பற்றிப் பாட்டியிடம் பேசினேன். ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றார். அதற்குப் பின் யாரும் வரவில்லை. கருப்புத் தாளும் ஒட்டியாயிற்று. எடை இதுவரை குறையவில்லை. இரை எடுத்ததும் இங்கே எழுதுகிறேன்.